ஆப்பிரிக்கக் காட்டுக்குக் கிளம்புகிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்யா, தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா என்று சில பயணங்கள் போய்வந்த பிறகு, தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் செய்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தடவை போகிறேன். எந்த நாடு?

விலங்குகள்தான் முக்கியம், கையில் ஒரு வாரம்தான் என்றால் கென்யா அல்லது தான்சானியா. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானத்தில் ஆறு மணி நேரச் சொச்சம்தான். சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகவோ வளைகுடா நாடுகள் வழியாகவோ போகலாம். நீங்களே கார் ஓட்டிக்கொண்டு, உங்கள் இஷ்டத்துக்கு நின்று நின்று பார்க்க ஆசை என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. தண்ணீரும் படகும் பிடிக்கும், பணமும் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால் போட்ஸ்வானா. காட்டுக்குள் நடந்து போகும் ஆசை இருந்தால் ஜாம்பியா. என்னைக் கேட்டால் ஜாம்பியாவைத்தான் சொல்வேன். ஆனால் அது இரண்டாவது பயணத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பத்து நாளில் நாலு நாடு பார்த்துவிட முடியுமா?

பார்டரைப் பார்க்கலாம், நாட்டைப் பார்க்க முடியாது. என் முதல் பயணத்தை ஒரு ஏஜென்ட் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார். ஒன்பது நாளில் மூன்று நாடு. தினமும் விடியற்காலையில் பெட்டியைக் கட்டி, ஆறேழு மணி நேரம் புழுதியில் குலுங்கி, சாயங்காலம் ஒரு பூங்காவில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் படுப்போம். எல்லா விலங்கையும் பார்த்தேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அடுத்த முறை ஒரே இடத்தில் ஐந்து நாள் தங்கினேன். மூன்றாம் நாள் காலையில்தான், முதல் நாள் பார்த்த பெண் சிங்கம் குட்டிகளை எங்கே மறைத்து வைத்திருந்தது என்பதே தெரிந்தது. முதல் நாள் வெறும் ‘மேடம்’ என்று கூப்பிட்ட வழிகாட்டி, நாலாம் நாள் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அப்பாவின் மாடுகளைப் பற்றியும் பேச ஆரம்பித்திருந்தார்.

ஒரு பூங்காவுக்குக் குறைந்தது மூன்று ராத்திரி, பத்து நாளைக்கு இரண்டே இடம். அதற்கு மேல் வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்?

பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வறண்ட காலம். புல் காய்ந்து, குட்டை வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி விலங்குகள் கூடும், அதனால் பார்ப்பது சுலபம். ஏஜென்ட்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

நான் பிப்ரவரியைச் சொல்வேன். தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியின் தெற்கே, ண்டூட்டு பக்கம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டெபீஸ்ட்கள் (மாட்டின் தலையை மானின் உடம்பில் வைத்ததுபோல, தாடியோடு இருக்குமே, அது) வருடம் முழுவதும் மழையைத் துரத்திக்கொண்டு தான்சானியாவிலும் கென்யாவிலும் வட்டமடிக்கின்றன. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அவை இந்தத் தெற்குப் புல்வெளியில்தான் நிற்கும். பக்கத்து எரிமலைகளின் சாம்பல் படிந்த மண் என்பதால் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். புல் குட்டையாக இருப்பதால் பதுங்கி வருவதும் தூரத்திலேயே தெரிந்துவிடும். மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் குட்டி போட்டுவிடுகின்றன. எல்லாம் ஒன்றாகப் பிறப்பதால் சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனை தின்றாலும் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் ஒன்று குட்டி போட்டது. ஈரமான மூட்டை ஒன்று புல்லில் பொத்தென்று விழுந்ததுபோல இருந்தது. தாய் திரும்பி நக்க ஆரம்பித்தது. குட்டி பின்னங்காலைத் தூக்கியது, மூக்கு தரையில் இடிக்கச் சரிந்தது, மறுபடி தூக்கியது. நாலாவது முறை நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்து நின்றுவிட்டது. ஐந்தாறு நிமிடம்தான் இருக்கும். அதற்கு அடுத்து அது செய்தது பால் குடிப்பது அல்ல, ஓடுவது. ஓடத் தெரியாவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று வண்டி ஓட்டியவர் மெதுவாகச் சொன்னார்.

அப்போ வில்டெபீஸ்ட்கள் ஆற்றைத் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற காட்சி?

மாரா ஆறு. ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை. கண்டிப்பாகப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கரையில் ஆயிரக்கணக்கில் கூடி, மூன்று மணி நேரம் யோசித்து, திரும்பிப் போய்விடும் நாட்கள் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டிகள் முண்டியடித்து அவை இறங்கும் வழியையே அடைத்துவிடுகிற அளவுக்கு இப்போது கூட்டம். உங்கள் ஓட்டுநரிடம் முதலிலேயே, தள்ளியே நில்லுங்கள், வழி மறிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விருந்தாளி திட்டுவாரோ என்று பயந்துதான் பல ஓட்டுநர்கள் முட்டி மோதுகிறார்கள்.

கென்யாவின் மாசாய் மாரா பூங்காவை ஒட்டி, மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் தங்கள் சொந்த நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து நடத்தும் ‘கன்சர்வன்சி’ காடுகள் இருக்கின்றன. நிலத்துக்காரக் குடும்பங்களுக்கு வாடகை போகிறது, வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, பூங்காவுக்குள் அனுமதிக்காத இரவுச் சவாரியும் நடைப்பயணமும் இங்கே உண்டு. கொஞ்சம் கூடுதல் செலவுதான். முடிந்தால் இங்கேயே தங்குங்கள்.

ஒகவாங்கோ என்கிறார்களே, அதில் என்ன அப்படி விசேஷம்?

அது கடலுக்குப் போகாத ஆறு. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை மெல்ல மெல்ல இறங்கி, மாதக்கணக்கில் நடந்து, போட்ஸ்வானாவின் களஹாரி மணலில் விரிந்து அங்கேயே ஆவியாகியும் உறிஞ்சப்பட்டும் முடிந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன், ஜூலையில்தான் வெள்ளம் வந்து சேரும். சுற்றிலும் வறண்டு கிடக்கும்போது நடுவில் தண்ணீர், அதனால்தான் அத்தனை உயிர்கள். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக இதைச் சேர்த்தார்கள்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மொக்கோரோ என்ற ஒல்லிப் படகில் ஏறி உட்காருங்கள். முன்பு பெரிய மரத்தைக் குடைந்து செய்வார்கள், மரத்தைக் காப்பாற்ற இப்போது பெரும்பாலும் ஃபைபரில் வருகிறது. படகுக்காரர் பின்னால் நின்றபடி நீண்ட கழியால் அடிமண்ணை ஊன்றித் தள்ளுவார். துடுப்பு இல்லை, மோட்டார் இல்லை. தண்ணீர் உங்கள் இடுப்புக்கு ஒரு சாண் கீழேதான். நாணல் இரண்டு பக்கமும் உரசும், ஒவ்வொரு தண்டிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தவளை ஒட்டிக்கொண்டிருக்கும், ஆளைக் கண்டால் தண்டின் மறுபக்கம் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அல்லித் தண்டு அடிவரை தெரியும். எங்கள் படகுக்காரர் சட்டென்று கழியை ஊன்றி நிறுத்திவிட்டார். காதைக் காட்டினார். நாணலுக்கு அந்தப் பக்கம் சளப், சளப் என்று யாரோ துணி அலசுவதுபோல ஒரு சத்தம். யானை ஒன்று புல்லைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கி, வேரிலிருக்கும் மண் போக தண்ணீரில் அடித்துக் கழுவித் தின்றுகொண்டிருந்தது. கடைசி வரை யானையை நாங்கள் பார்க்கவில்லை, நாணலுக்கு மேல் ஒரு முறை தும்பிக்கை நுனி மட்டும் எழும்பித் தாழ்ந்தது. எனக்கு அந்தப் பயணத்தில் அதுதான் பெரியது.

ஒகவாங்கோவுக்குள்ளே இருக்கும் மொரேமி காப்பகம் 1963-ல் உருவானது. அரசாங்கம் மேலிருந்து போட்ட திட்டம் இல்லை அது. வேட்டையில் விலங்குகள் அழிவதைப் பார்த்து பட்டவானா மக்களே தங்கள் நிலத்தை ஒதுக்கினார்கள். இதை அறிந்துகொண்டு உள்ளே போங்கள், பார்க்கும் பார்வையே மாறும்.

காட்டுக்குள் நடப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்து இருக்கிறது, அதனால்தான் விதிகள் இருக்கின்றன. ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பள்ளத்தாக்குதான் இந்த நடைப்பயணத்தின் தாய்வீடு. 1950-ல் நார்மன் கார் என்ற வனத்துறைக்காரர் குண்டா மக்களின் தலைவர் ன்செஃபுவிடம் பேசி, வேட்டைக்கு அல்ல, பார்ப்பதற்கு வரும் விருந்தாளிகளுக்காக ஒரு முகாம் தொடங்கினார். வரும் பணம் அந்தச் சமூகத்துக்குப் போவதாக ஏற்பாடு. துப்பாக்கியோடு காட்டுக்கு வந்தவர்கள் மட்டுமே இருந்த காலத்தில் இது.

வரிசையாகத்தான் நடக்க வேண்டும், பேசக்கூடாது, என்ன வந்தாலும் ஓடக்கூடாது. முன்னால் துப்பாக்கியோடு ஒரு காவலர், அவர் பின்னால் வழிகாட்டி, அதற்குப் பிறகுதான் நாம். பெரிய விலங்கைத் தேடிப்போவதல்ல இதன் நோக்கம். வழிகாட்டி யானைச் சாணம் ஒன்றைக் கையில் எடுத்து உடைத்து, உள்ளே சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பார், செரிக்காத கொட்டையை எடுத்து இது எந்த மரம் என்று காட்டுவார். நீர்யானை இரவில் மேயப் போன தடம் இரட்டைத் தண்டவாளம்போல இருக்கும், அந்தப் பாதையில் நிற்காதே என்பது அங்கே முதல் பாடம். தண்ணீருக்கும் நீர்யானைக்கும் நடுவில் போய் நிற்பதைப் போல ஆபத்து வேறு இல்லை.

உகாண்டா கொரில்லா பயணம் அவ்வளவு காசுக்குத் தகுமா?

உகாண்டாவில் 2024 ஜூலையிலிருந்து ஒரு நபருக்கு 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். இது வெறும் அனுமதிச் சீட்டு, தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் தனி. ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், நம் சளி அவற்றைக் கொன்றுவிடும்.

தகும் என்றுதான் சொல்வேன். 1980-களின் தொடக்கத்தில் உகாண்டா, ருவாண்டா, காங்கோ எல்லையிலுள்ள விருங்கா மலையில் இருநூற்றைம்பது சொச்சம் கொரில்லாக்கள்தான் மிஞ்சியிருந்தன. இன்று விருங்காவும் உகாண்டாவின் ப்விண்டி காடும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் கொடுக்கும் காசில்தான் காவலர் சம்பளமும் மருத்துவர்களும்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1991-ல் ப்விண்டியைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பட்வா மக்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நிலமும் கொடுக்கவில்லை. கொரில்லாவைப் பார்த்த மறுநாள் பட்வா முதியவர்களோடு காட்டோரம் நடக்கும் பயணம் ஒன்று இருக்கிறது, காசு அவர்களுக்கே போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். எந்தப் பட்டையைக் காய்ச்சினால் எந்த வலி போகும் என்று சொல்லிக்கொண்டே வந்த ஒரு பாட்டி, பூங்காவின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

மலை செங்குத்தாக இருக்கும், சேறு வேறு. பை தூக்க ஒரு உள்ளூர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வருமானத்தை நம்பிக் காத்திருக்கிறார்கள்.

மாசாய் கிராமத்துக்கும் ஹிம்பா கிராமத்துக்கும் போகலாமா? மிருகக்காட்சிசாலை மாதிரி ஆகிவிடாதா?

போகிற விதத்தைப் பொறுத்தது. அரை மணி நேரத்தில் நடனம், நெருப்பு மூட்டுவது, பாசிமணிக் கடை என்று முடிக்கும் நிறுத்தங்கள் நெடுஞ்சாலையோரம் நிறைய. அதில் எனக்கு விருப்பமில்லை. நமக்கும் சங்கடம், அவர்களுக்கும் சலிப்பு. அதைவிட, ஒரு மாசாய் வழிகாட்டியோடு அவர் மாடு மேய்க்கும் பாதையில் அரை நாள் நடந்துவிட்டு அவர் வீட்டில் ஒரு டீ குடியுங்கள். மாட்டைப் பற்றிப் பேசினால் போதும், பேச்சு தானாக வரும். நம் ஊரில் மயிலை, செவலை, காரி என்று மாட்டின் நிறத்துக்குப் பெயர் வைக்கிறோமே, அதேபோல அவர்களிடமும் நிறத்துக்கும் கொம்புக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

அவர்களின் நிலப் பிரச்சினையையும் கொஞ்சம் அறிந்துகொண்டு போங்கள். 1959-ல் செரங்கெட்டியிலிருந்து வெளியேறி ங்கோரோங்கோரோவுக்குப் போக ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். 2022 முதல் அங்கிருந்தும் ஹண்டேனி பக்கம் இடம்பெயரச் சொல்லி அரசு அழுத்துகிறது, அவர்களில் பலர் எதிர்க்கிறார்கள். ங்கோரோங்கோரோவின் எரிமலைப் பள்ளத்தில் நீங்கள் காண்டாமிருகத்தைப் பார்க்கும்போது, மேலே விளிம்பில் மாடு மேய்ப்பவருக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள உறவு மனதில் இருக்கட்டும்.

நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெயில் செம்மண்ணைக் குழைத்து உடம்பிலும் சடையிலும் பூசிக்கொள்வார்கள், அந்தக் கலவைக்கு ஒட்ஜீசே என்று பெயர். கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காசு காட்டிக் கெஞ்சக்கூடாது.

ஹட்சா மக்களோடு தேன் எடுக்கப் போகலாம் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. தான்சானியாவின் எயாசி ஏரிக்கரையில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள், அதிலும் வேட்டையையும் காட்டு உணவையும் மட்டுமே நம்பி வாழ்பவர்கள் சில நூறு பேர். நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழி. இவர்களுக்கும் ‘தேன்காட்டி’ என்று சொல்லத்தக்க ஒரு சின்னப் பறவைக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இவர்கள் சீழ்க்கை அடிப்பார்கள், பறவை வந்து கீச்சிட்டபடி மரத்துக்கு மரம் தாவி தேன்கூட்டுக்குக் கூட்டிப்போகும். இவர்கள் புகை போட்டு, மரத்தைப் பிளந்து தேனை எடுப்பார்கள், பறவைக்கு மெழுகும் புழுவும் மிஞ்சும். மொசாம்பிக்கில் யாவோ மக்களும் இதே பறவையை ‘ப்ர்ர்ர்... ஹ்ம்’ என்று வேறொரு ஒலியால் கூப்பிடுகிறார்கள். அந்த ஒலியைக் கேட்டால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்பதை ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். யாரும் பிடித்துப் பழக்காத காட்டுப் பறவை அது.

திருவிழா ஏதாவது சொல்லுங்களேன்.

குவோம்போக்கா. ஜாம்பியாவின் மேற்கே லோசி மக்களுடையது. பெயருக்கே ‘தண்ணீரிலிருந்து வெளியேறுதல்’ என்றுதான் பொருள். மழைக்காலக் கடைசியில் ஜாம்பேசி ஆறு பொங்கி பரோட்சே சமவெளி முழுகும்போது, அவர்களின் அரசர், லிடுங்கா என்பார்கள், லெயாலுய் என்ற ஊரிலிருந்து மேட்டிலிருக்கும் லிமுலுங்காவுக்குப் படகில் போவார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பெரிய படகு, மேலே ஒரு யானை உருவம், டஜன் கணக்கில் துடுப்புக்காரர்கள், நாள் முழுக்க முரசு. கரையேறும்போது அரசர் உடம்பில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் உடை இருக்கும். 1902-ல் அன்றைய அரசர் லெவனிக்கா ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு லண்டன் போனபோது கிடைத்த மரியாதையின் தொடர்ச்சி அது.

தேதியை முன்கூட்டியே கேட்காதீர்கள். தண்ணீர்தான் தேதியைத் தீர்மானிக்கும். வழக்கமாக மார்ச் கடைசி அல்லது ஏப்ரல், சில வாரம் முன்புதான் அறிவிப்பார்கள், தண்ணீர் போதாத வருடம் திருவிழாவே கிடையாது.

விக்டோரியா அருவிக்கு ஜிம்பாப்வே பக்கமா, ஜாம்பியா பக்கமா?

ஜிம்பாப்வே பக்கம் நின்றால் முகப்பு முழுக்கத் தெரியும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறைதான். ஏப்ரலில் போனால் சாரலில் நனைந்து ஊறிவிடுவீர்கள், அருவியே கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் நெஞ்சில் அதிரும். ‘மோசி-ஓவா-துன்யா’, இடி முழங்கும் புகை, என்று உள்ளூர்ப் பெயர் வைத்தவர்கள் பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போனவர்கள் கிரேட் ஜிம்பாப்வேயைப் பார்க்காமல் திரும்புவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். மஸ்விங்கோ ஊருக்குப் பக்கத்தில், சாந்தே இல்லாமல் கருங்கல்லை மட்டும் அடுக்கி எழுப்பிய நகரம். 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது. பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் சில இடங்களில் 11 மீட்டர். கறுப்பர்களால் இதைக் கட்டியிருக்க முடியாது என்று வெள்ளை ஆட்சி பல ஆண்டுகள் சாதித்தது. கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர் 1929-ல் அகழ்ந்து பார்த்து, இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று திட்டவட்டமாகச் சொன்ன பிறகும் விடவில்லை. நாடு விடுதலை அடைந்ததும் அந்தக் கல்வீட்டின் பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள், அங்கே கிடைத்த கல்பறவையைக் கொடியில் வைத்தார்கள். இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் அங்கே கிடைத்திருக்கின்றன. இந்துமாக்கடல் தாண்டி வந்த சரக்கு அது.

சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்க்க முடியுமா?

தாராளமாக. க்ரூகரில் சாதாரண வாடகைக் காரே போதும், நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகம்தான், அதையும் பாதியாகக் குறைத்து ஓட்டினால்தான் எதுவும் கண்ணில் படும். சாயங்காலம் கேட் மூடும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும், தாமதமானால் அபராதம். யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தால் எஞ்சினை அணைக்காமல் தூரத்தில் நில்லுங்கள், பின்னால் போக வழி வைத்துக்கொள்ளுங்கள்.

நமீபியாவின் எட்டோஷா பூங்காவும் இப்படித்தான். அங்கே ஒகௌகுவேயோ முகாமில் விளக்குப் போட்ட நீர்நிலை ஒன்று இருக்கிறது. ராத்திரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் கறுப்புக் காண்டாமிருகம் தானாகத் தண்ணீர் குடிக்க வரும்.

டர்பனில் நம் ஆட்கள் இருக்கிறார்களாமே?

1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனில் வந்து இறங்கியது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். அவர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு இன்று கோவெண்டர், மூட்லி, பிள்ளே, நாயுடூ என்று குடும்பப் பெயர்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் காவடி எடுப்பதில் குறை வைப்பதில்லை. ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் கூட்டம் தாங்காது. ஆடியில் நாம் கூழ் ஊற்றுகிறோமே, அதை அங்கே ‘போரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். வேப்பிலை அதே வேப்பிலை. முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் போய் நின்றபோது, வரிசையில் இருந்த ஓர் அம்மா என் கையில் கூழைக் கொடுத்து ஆங்கிலத்தில் ‘எந்த ஊர்’ என்று கேட்டார். அவருக்கு அவருடைய முன்னோரின் ஊர் தெரியாது. பதிவேட்டில் எழுதியிருக்கும் பெயரைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருப்பதாகச் சொன்னார்.

பன்னி சௌ சாப்பிடாமல் வராதீர்கள். பாதி ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள், பீன்ஸ் போட்ட சைவமும் உண்டு, கையால்தான் சாப்பிட வேண்டும்.

அங்கிருந்து மூன்று நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காப்பகம், 1895-லிருந்து பாதுகாக்கப்படும் காடு. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் உலகிலேயே இங்கு மட்டும்தான் மிஞ்சியிருந்தது, 1960-களில் இங்கிருந்து பிடித்துத்தான் மற்ற காடுகளுக்கு அனுப்பினார்கள். இப்போது அங்கே கொம்பில்லாத காண்டாமிருகங்களைப் பார்ப்பீர்கள். திருட்டு வேட்டை மிகவும் முற்றிப்போய், 2024-ல் காப்பகத்தாரே மயக்க ஊசி போட்டுக் கொம்பை அறுக்கத் தொடங்கினார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

சிங்கக்குட்டியைத் தூக்கிவைத்து போட்டோ எடுக்கலாமா?

கூடாது. அந்தக் குட்டியைத் தாயிடமிருந்து பிறந்த சில நாளில் பிரித்திருப்பார்கள். வளர்ந்ததும் வேலிக்குள் விட்டுச் சுடுவதற்கு விற்கப்படும் சிங்கங்கள் இப்படிப்பட்ட பண்ணைகளிலிருந்து வந்திருக்கின்றன. யானைச் சவாரியும் வேண்டாம்.

ஊசி, மாத்திரை?

மஞ்சள் காய்ச்சல் ஊசியை விளையாட்டாக நினைக்காதீர்கள். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அந்த நாடுகளிலிருந்து போனால் தென்னாப்பிரிக்காவும் கேட்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அதனால் கடைசி நேரம் வைக்காதீர்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மலேரியா மாத்திரையும் டாக்டரைக் கேட்டுத்தான். முக்கியமாக, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். கிழக்கில் சப்பாத்தி, சாய், பீன்ஸ், கீரை எல்லாம் தெருவோரக் கடையிலேயே உண்டு. கென்யாவில் உகாலி, ஜாம்பியாவில் ன்ஷிமா, ஜிம்பாப்வேயில் சட்சா, தென்னாப்பிரிக்காவில் பாப், எல்லாம் மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான். வலது கையால் உருட்டி, குழியாக்கி, கீரையை அள்ளிச் சாப்பிடுகிறார்கள். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பாஷை?

ஆங்கிலம் போதும். ஆனாலும் கிழக்கில் பெரியவர்களைப் பார்த்தால் சுவாஹிலி மொழியில் ‘ஷிகமோ’ என்று சொல்லுங்கள். உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ‘மரஹபா’ என்று பதில் வரும், முகமே மலர்ந்துவிடும். போட்ஸ்வானாவில் ஆண்களுக்கு ‘துமேலா ரா’, பெண்களுக்கு ‘துமேலா மா’. கை கொடுக்கும்போது இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்வது மரியாதை.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

நல்ல பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர், ஜூலையில் திறந்த வண்டியில் பல் கிடுகிடுக்கும். கறுப்பு, கருநீலச் சட்டை வேண்டாம், செட்சி ஈ மொய்க்கும். ராணுவப் பச்சைக் கோலம் போட்ட துணி ஜாம்பியா, ஜிம்பாப்வேயில் சட்டப்படியே கூடாது. கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, பெட்டிக்குள் செருப்பைச் சுற்றிய கவர்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன விமானத்தில் ஏறுவதானால் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் மடங்குகிற துணிப் பையில்.

செலவு எங்கே அதிகமாகிறது?

பூங்காக் கட்டணத்தில். மாசாய் மாராவில் 2024 முதல் ஒரு நாளைக்கு ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். வண்டியும் ஓட்டுநரும் அடுத்த பெரிய செலவு, அதை நாலைந்து பேராகப் பகிர்ந்தால் பாதிக்கு மேல் குறையும். கிழக்கில் கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா உண்டு, 90 நாள். ஓட்டுநருக்கும் முகாம் ஊழியர்களுக்கும் கொடுக்க வேண்டிய டிப்ஸைக் கிளம்பும்போதே தனியாக எடுத்து வையுங்கள், கடைசி நாளில் மிச்சம் பார்த்துக் கொடுக்கிற தொகை அல்ல அது.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

ஆறு வயதுக்கு மேல் என்றால் சரி. க்ரூகர் மாதிரி நீங்களே ஓட்டும் இடம்தான் வசதி, அழுதால் முகாமுக்குத் திரும்பிவிடலாம். நடைப்பயணத்துக்குச் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

என்ன வாங்கி வரலாம்?

தந்தம், தோல், இறகு, கடல் சிப்பி எதுவும் வேண்டாம். போட்ஸ்வானாவில் பனையோலைக் கூடை, முடைந்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் காங்கா. பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றும் பருத்தித் துணி, ஜோடியாக அச்சிட்டு வரும், ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் சுவாஹிலியில் ஒரு வாசகம் இருக்கும். பெண்கள் பூவைப் பார்த்து மட்டும் எடுப்பதில்லை, வாசகத்தைப் படித்து எடுக்கிறார்கள். நேரில் சொல்ல முடியாததை நாத்தனாருக்கும் கணவனுக்கும் துணியில் சொல்லிவிடுவார்கள். ஜான்ஜிபாரில் கடைக்காரம்மா விலை சொல்லும் முன்பே யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். மேலே எடுத்து வைத்திருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவி விரித்தார். ‘நானி காமா மாமா’ என்று இருந்தது. அம்மாவைப் போல யார்.